மழை வந்தால்தான் வீடு பார்ப்பேன்

வீடு பார்க்கப் போனவன் வீட்டைப் பார்க்கவில்லை.

வாசலில் நின்று வரவேற்ற கமலாம்மாவுக்கு ஒரு வணக்கத்தைப் போட்டேன். முன்னறை, நடு அறை, குசினி எல்லாவற்றையும் ரயிலைத் தவறவிடப் போகிறவன் மாதிரி கடந்தேன். பின்கதவைத் திறந்து வெளியே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

மலை இல்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. டிக்கோயாவில் ஒரு வீட்டுக்குப் பின்னால் மலை இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வீட்டின் இடப்பக்கம் போய்ப் பார்த்தேன். வலப்பக்கம் போய்ப் பார்த்தேன். கோழிக்கூட்டின் மேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்தேன். கோழிகள் என்னைத் திட்டின. மூன்று பக்கமும் நிலம் கீழேதான் இறங்கிப் போனது. தேயிலை, அதற்குக் கீழே இன்னும் தேயிலை, அதற்கும் கீழே ரோட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு பஸ்.

"மாஸ்டர் என்ன தேடுறாங்க?" என்று கமலாம்மா என் மனைவி புஷ்பாவிடம் கேட்பது உள்ளேயிருந்து கேட்டது.

"மலையங்க."

"மலையா? அதுதான் சுத்திவர இருக்கே."

"அது தூரத்து மலைங்க. இவரு கிட்டத்து மலையத் தேடுறாரு. இருந்துச்சுன்னா இந்நேரம் பஸ் ஏறியிருப்பாரு."

கமலாம்மா பின்கதவுக்கு வந்து என்னை எட்டிப் பார்த்தார். வீட்டை விற்க எத்தனையோ பேருக்குக் காட்டியிருப்பார். இல்லாத ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் சந்தோஷப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

டிவி அங்கே, ரிமோட் இங்கே

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு சுருக்கம்.

நான் புவியியல் ஆசிரியன். 'மண்சரிவு: காரணங்களும் விளைவுகளும்' என்ற பாடத்தைத் தலை நரைக்கும்வரை நடத்தியவன். மரம் சாய்ந்து நின்றால் கவனி, சுவரில் வெடிப்பு விழுந்தால் கவனி, ஊற்றுத் தண்ணீர் கலங்கினால் கவனி என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தவன்.

வட்டகொடையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த மலை அந்தப் பாடத்தைப் படித்திருக்கவில்லை. அந்தப் பெரிய மழையில், எந்த அறிகுறியும் காட்டாமல், விளக்கு வைக்கிற நேரத்தில் நேரே குசினிக்குள் வந்துவிட்டது.

ஓடினோம். புஷ்பா அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். அந்த அடுப்பு அடுத்த நிமிஷம் மண்ணுக்குள் போனது; அணைந்த நிலையில்தான் போனது என்பதில் அவளுக்கு இன்றைக்கும் ஒரு நிம்மதி. நான் இடது கையில் மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். வலது கையில் டிவி ரிமோட். டிவி இன்னும் அங்கேதான் மண்ணுக்கடியில் இருக்கிறது. ரிமோட் எங்களோடு இருக்கிறது. பற்றரிகூட மாற்றி வைத்திருக்கிறோம். ஏன் என்று கேட்காதீர்கள்.

கீழ் வரிசை வீடுகளில் இருந்த எல்லோராலும் ஓடிவர முடியவில்லை. அதை எழுதலாமென்று உட்கார்ந்தால் கை அசைய மறுக்கிறது. அதனால்தான் ரிமோட்டைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் மூவரில் காயம் பட்டது மகள் தர்ஷினிக்கு மட்டும். பதினாறு வயது. வெறுங்காலோடு ஓடியதில் கண்ணாடியோ தகரமோ கிழித்து இரண்டு உள்ளங்காலிலும் இரத்தம். சப்பாத்து வாசற்படியில் இருந்தது. வீட்டுக்குள் சப்பாத்துப் போடக்கூடாது என்று நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவளை அதட்டி வளர்த்தவர்கள் நாங்கள்தான்.

கழற்றாத சப்பாத்து

அதற்குப் பிறகு அவள் சப்பாத்தைக் கழற்றவில்லை.

ஹட்டனில் புஷ்பாவின் அக்கா வீட்டில் எங்களுக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். அங்கே தர்ஷினி பள்ளிக்கூடத்து வெள்ளைக் கான்வஸ் சப்பாத்தைப் போட்டு, லேஸ் கட்டி, அதற்கு மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுப்பாள். மழை பெய்தால் படுக்கவும் மாட்டாள். கட்டிலில் சுவரோடு சாய்ந்து, புத்தகப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி.

யார் வீட்டுக்குப் போனாலும் சப்பாத்தை வாசலில் விடமாட்டாள். கழற்றச் சொன்னால் கழற்றி, ஒரு பொலித்தீன் பையில் போட்டு, மடியிலேயே வைத்துக்கொள்வாள். கோயிலில்கூட அந்தப் பையோடு நுழையப் பார்த்து ஐயரிடம் மாட்டிக்கொண்டாள்.

"பையில என்னம்மா?"

"பிரசாதம் வாங்குறதுக்குங்க."

"காலி பையா?"

"இப்போதைக்கு இல்லீங்க."

பெரியம்மா திட்டுவாள். "இந்தப் புள்ள மெத்தையெல்லாம் மண்ணாக்குது." தர்ஷினி அசரமாட்டாள். "பெரியம்மா, மண்ணு தானா வர்ற ஊர்ல நான் கொண்டாந்தா மட்டும் குத்தமா?" என்பாள். பெரியம்மா சிரித்துவிடுவாள். அவளும் சிரிப்பாள். சப்பாத்து மட்டும் காலிலேயே இருக்கும்.

வீடு வாங்குவது என்று நாங்கள் முடிவெடுத்தபோது என்னிடம் நீளமான நிபந்தனைகள் இருந்தன. சரிவின் கோணம், மண்ணின் தன்மை, வடிகாலின் திசை. புஷ்பாவிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

"இவ சப்பாத்தக் கழட்டுற வீடாப் பாருங்க. மத்ததெல்லாம் பொறவு."

சகலை காட்டிய மாளிகை

எங்களுக்கு அறை கொடுத்த சகலை நல்ல மனிதர். ஹட்டன் பஸாரில் கைத்தொலைபேசி திருத்துகிறார். எல்லாப் பொருளையும் கைத்தொலைபேசியாகவே பார்க்கிற ஒரே குறைதான் அவரிடம்.

"பழசுல கை வைக்காதீங்க மாஸ்டர். ஒண்ணு மாத்துனா இன்னொண்ணு போகும். புதுசாப் பாருங்க," என்று கொத்மலைப் பக்கம் கூட்டிப்போனார்.

குறை சொல்லமுடியாத வீடு. முகம் தெரிகிற மாபிள் தரை, ரோஜா நிறத்தில் சுவர், குசினியில் திறந்தால் சத்தமே போடாத அலுமாரிகள். வீட்டுக்காரர் எல்லாக் கதவையும் திறந்து காட்டினார், பின்கதவைத் தவிர. நான் போய் அதைத் திறந்தேன்.

கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மலை. கத்தியால் கேக் வெட்டியதுபோல நேராக வெட்டியிருந்தார்கள். உள்ளே எத்தனை அடுக்கு மண் என்று மாணவர்களை அழைத்துவந்து காட்டலாம். மேலே ஒரு கருப்பந்தேயிலை மரம், யூகலிப்டஸ்தான், எங்களைக் கும்பிடுவதுபோல முன்னால் குனிந்து நின்றது.

"நிழலுக்கு நல்லது," என்றார் வீட்டுக்காரர்.

திரும்பிப் பார்த்தேன். தர்ஷினி பொலித்தீன் பையை மார்போடு அணைத்து முன்வாசலில் நின்றாள். பளபளக்கிற அந்தத் தரைக்குள் ஒரு அடிகூட வைக்கவில்லை.

"என்ன மாஸ்டர், ஒரு மலைக்காக இப்புடி ஒரு வீட்ட விடுறீங்களே," என்று சகலை பஸ்ஸில் முழுவழியும் புலம்பினார். நானோ, பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் சரிவுப் பக்கம் எது, பள்ளத்துப் பக்கம் எது என்று இடம் மாறி இடம் மாறி உட்கார்வதில் மும்முரமாக இருந்தேன்.

காலண்டர்கள் காட்டிக்கொடுத்தன

கமலாம்மாவைப் புஷ்பா பிடித்தது டிக்கோயா ஆஸ்பத்திரியில். தர்ஷினியின் காலுக்கு மருந்து கட்டப் போன இடத்தில் அவர் முழங்காலுக்கு வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஹட்டன் பஸாரில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பம். கடையும் போய்விட்டது, கணவரும் போய்விட்டார். மகன் கொழும்பில். லிப்ட் வைத்த மாடிவீட்டுக்கு வந்துவிடச் சொல்கிறான். இங்கே வீட்டுக்கு ஏறுகிற படிகள் முழங்காலோடு சண்டை பிடிக்கின்றன. வரிசை நகர்வதற்குள் வீட்டு வரலாறு முழுவதும் புஷ்பாவிடம் வந்து சேர்ந்துவிட்டது.

அப்படித்தான் நான் அந்தக் கோழிக்கூட்டில் கை ஊன்றி நின்றேன்.

மலை இல்லை என்று உறுதியான பிறகு, உள்ளே வந்து வீட்டைப் பார்த்தேன். அப்போதுதான் அது எவ்வளவு பழைய வீடு என்று தெரிந்தது.

பலகைத் தரை. நடந்தால் ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு அபிப்பிராயம் சொன்னது. தகரக்கூரையின் நிறம் துருவா, துருவுக்கு மேல் அடித்த பெயின்றா என்று சொல்லமுடியவில்லை. ஜன்னல் ஒன்று திறக்கவில்லை. இன்னொன்று மூடவில்லை. நாற்காலிகள் சுவரோடு சேராமல் அறையின் நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. நகர்த்திப் பார்த்தால் ஒவ்வொன்றின் அடியிலும் பலகை கறுத்திருந்தது.

பிறகு காலண்டர்கள். முன்னறையில் மட்டும் நான்கு. ஒன்று இந்த வருஷத்தது. மற்றவை நகைக்கடைகள் எப்போதோ கொடுத்தவை. அதில் ஒன்று என் இடுப்பு உயரத்தில் தொங்கியது. இடுப்பு உயரத்தில் யார் திகதி பார்ப்பார்கள்? தூக்கிப் பார்த்தேன். அடியில் சுவரின் ஈரம் பச்சையாக வரைந்த ஒரு படம், புத்தகத்து இலங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக.

"லட்சுமி படம் மாஸ்டர். எடுத்துப்போட மனசு வரல," என்றார் கமலாம்மா முகத்தில் சலனம் இல்லாமல். துணி விற்ற வாய்.

அடுத்த முறை ஒரு மேசன் பாஸை, அதாவது கொத்தனாரை, கூட்டிப்போனேன். பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர், தடித்த மீசை, காதில் பென்சில். சுவரைத் தட்டினார். "கடலா தாமு," என்றார். இடித்துவிடுவோம் என்று அர்த்தம். கூரையைப் பார்த்தார். "கடலா தாமு." குசினிப் புகைக்கூண்டு, "கடலா தாமு." குடிக்கத் தேத்தண்ணீர் கொண்டுவந்த கமலாம்மாவை அவர் நிமிர்ந்து பார்த்தபோது எனக்குப் பயமாகிவிட்டது.

சொல்லியாச்சு

எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. ரிப்பேர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது.

நான் பிறந்தது லயத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில். தோட்டத்து வீடு, தோட்டத்துக் கூரை, தோட்டத்துச் சுவர். ஒழுகுவது மட்டும் எங்களுடையது. கூரை ஒழுகினால் அம்மா ஒரு சட்டியை வைப்பாள். அப்பா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் நின்று கங்காணியிடம் சொல்வார். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்வார். கணக்கப்பிள்ளை தொரையிடம் சொல்வார் என்று எங்களிடம் சொல்வார். சாயந்தரம் அம்மா கேட்பாள், "சொன்னீங்களா?" அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "சொல்லியாச்சு," என்பார்.

அதுதான் ரிப்பேர். சொன்னால் முடிந்தது. அந்தச் சொல்லுக்குப் பிறகு எல்லோரும் நிம்மதியாக நனைந்தோம்.

ஒருமுறை அப்பா பொறுக்காமல் ஒரு பலகையைத் தேடிப்பிடித்து, ஓட்டையை மூடி ஆணி அடித்தார். மறுநாளே ஒபிசிலிருந்து ஆள் வந்துவிட்டான். "யாரக் கேட்டு ஆணி அடிச்ச?" சொன்னதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் வராதவர்கள், அடித்ததற்கு மறுநாளே வந்தார்கள். அப்பா ஆணியைப் பிடுங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் யாரும் சுவரில் எதையும் அடித்ததில்லை. சாமிப்படம்கூட எங்கள் வீட்டில் அலுமாரிமேல் சாய்ந்துதான் நிற்கும்.

படித்து, வேலை எடுத்து, வாடகை வீட்டுக்கு வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. குழாய் சொட்டினால் வீட்டுக்காரருக்கு ஒரு கோல். "சொல்லியாச்சு" என்று புஷ்பாவிடம் அறிவித்துவிட்டுச் சாய்மனையில் படுத்துவிடுவேன்.

எங்கள் பரம்பரையில் வீடு வாங்கிய ஆள் கிடையாது. எப்படி வாங்குவது என்று கேட்க ஆள் இல்லை. நான் பாடப்புத்தகத்தை நம்பினேன். ஒரு நிலத்தின் குணத்தை அறிய வேண்டுமானால் மழையில் பார்க்க வேண்டும்.

வராத மழை

"மழ பெய்யட்டும்மா. அப்ப வந்து பாத்துட்டு முடிவு சொல்றேன்," என்று கமலாம்மாவிடம் போனில் சொன்னேன்.

"வீடு பாக்க எல்லாரும் வெயில்லதான் மாஸ்டர் வருவாங்க."

"அதனாலதாங்க."

 "புஷ்பா இருக்காங்களா பக்கத்துல?" என்று கேட்டார். எனக்கு ஏதாவது மருந்து நடக்கிறதா என்று புஷ்பாவிடம் விசாரித்ததாகப் பிற்பாடு அறிந்தேன்.

தை மாதம். பனி விழுந்தது, வெயில் அடித்தது, மழை மட்டும் இல்லை. சில மாதங்களாக ஒரு தூறல் விழுந்தாலே பயந்து ஜன்னலுக்கு ஓடியவன், இப்போது மழை வராதா என்று அதே ஜன்னலில் நின்றேன். கைத்தொலைபேசியில் வானிலை பார்த்தேன். மேகப்படம் பார்த்தேன். ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்துகொண்டேன். எந்த வாயால் போதும் நிறுத்து என்று அழுதேனோ அதே வாயால் கொஞ்சம் அனுப்பு என்று கேட்டபோது, அவருக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்கும்.

கமலாம்மா தினமும் அழைத்தார். "மாஸ்டர், இன்னிக்கு நல்ல வெயில், வாங்களேன்." பிறகு, கொழும்பிலிருந்து ஒருவர் கெஸ்ட்ஹவுஸ் போடக் கேட்கிறார் என்றார். பிறகு, ஞாயிற்றுக்கிழமைவரைதான் பொறுப்பேன் என்றார்.

"இவ ஒரு தடவகூட அந்த வீட்டப் பாக்கல," என்றாள் புஷ்பா, மகளைக் காட்டி. "மழ வந்தாலும் வராட்டியும் ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போவோம்."

ஞாயிறு மத்தியானம் சோற்றில் கைவைத்தபோது இடி கேட்டது. தர்ஷினியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. என் கையும்தான். புஷ்பா மட்டும் குடைகளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எந்திரிங்க ரெண்டு பேரும். கேட்ட மழ வந்திருச்சு."

சட்டிகள்

அந்த பஸ் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். நான் கம்பியைப் பிடித்திருந்தேன். மகள் என் சட்டையைப் பிடித்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் தைரியப்படுத்துவதாக நினைத்துக்கொண்டோம்.

படியேறிப் போய்க் கதவைத் தட்டினோம். கமலாம்மா சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, ஒரு கையில் வாளியோடு கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் தோன்றியதை, வருமானவரிக்காரர் கடைக்குள் நுழையும்போது முதலாளிமார் முகத்தில் பார்க்கலாம்.

அவருக்குப் பின்னால் வீடு முழுக்கச் சட்டிகள். பித்தளைக் குண்டான், பிளாஸ்டிக் பேசின், பால்மா டின், குழந்தை குளிக்கிற தொட்டி, ஒரு வெற்றிலைத் தட்டுக்கூட. நாற்காலிகள் எல்லாம் ஓரத்துக்குப் போய்விட்டன. அவை நின்ற இடங்களில் சட்டிகள் உட்கார்ந்திருந்தன.

"இது... மழத் தண்ணி புடிச்சு வைக்கிறதுங்க. தலைக்குக் குளிக்க நல்லது," என்று தொடங்கினார் கமலாம்மா. அந்தச் சமயம் பார்த்து நடு அறையில் புதிதாக ஓர் இடத்தில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. அவர் விற்பனையைக் கைவிட்டார்.

"அட, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க! கண்ணு, சப்பாத்தோட வராத, பலக வழுக்கும். கழட்டிப் போட்டுட்டு இந்தச் சட்டியப் புடி! மாஸ்டர், அந்தக் குண்டானக் கொஞ்சம் தள்ளுங்க. அங்கயில்ல, ஜன்னல் பக்கம்!"

பிறகு கொஞ்ச நேரத்துக்கு யாரும் வீடு வாங்குபவராகவோ விற்பவராகவோ இல்லை. புஷ்பா பிழிந்தாள், கமலாம்மா கத்தினார், தர்ஷினி நிறைந்த சட்டிகளைத் தூக்கிப் பின்வாசலில் ஊற்றிவிட்டு ஓடி ஓடி வந்தாள்.

"அம்மா, இந்தா இங்க ஒண்ணு! இங்கயும்! இது என்னா வீடு, கூரைக்கு வெளியதான் கம்மியா நனையுது!"

நான் குடையோடு பின்பக்கம் போனேன். என் வேலை அங்கேதான். மண்ணின் விளிம்புவரை போய் நின்றேன்.  அங்கே இருந்த இரண்டு சைப்ரஸ் மரங்களும் நேராக நின்றன. நிலத்தில் வெடிப்பு இல்லை. கல் பதித்த பழைய கானில் தண்ணீர் வீட்டைவிட்டு விலகிக் கீழே ஓடியது. குனிந்து கையில் அள்ளிப் பார்த்தேன். கலங்கல் இல்லை.

பாடப்புத்தகத்தில் உள்ள எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனால் நான்தான் சொன்னேனே, போன மலை புத்தகம் படிக்கவில்லை. அதனால் அண்ணாந்தும் பார்த்தேன். மேலே வானம் மட்டும்தான் இருந்தது. அது விழுந்துகொண்டிருந்தது. பரவாயில்லை, அதைச் சட்டியில் பிடிக்கலாம்.

யாரிடம் சொல்வது

தொப்பலாக உள்ளே வந்தேன். நிலம் சரி. இனி வீடு. கூரையைப் பார்த்தேன். நாலாபக்கமும் ஒழுக்கு. என் வாயில் அந்தக் கேள்வி தானாக வந்தது. மூன்று தலைமுறை லயத்தில் இருந்தவனின் வாய்.

"ஏம்மா, இந்தக் கூர ரிப்பேருக்கெல்லாம் யார்கிட்டச் சொல்லணும்?"

கமலாம்மாவின் கையிலிருந்த துணி பாதிப் பிழிதலில் நின்றது.

"எதுக்கு?"

"இல்லம்மா, வாங்குனதுக்கு அப்புறம் ஒழுகுச்சுன்னா... யார்கிட்டச் சொல்றது?"

புஷ்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. கமலாம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த மருந்து விஷயம் மறுபடி ஞாபகம் வந்திருக்கும்.

"உள் ரூம்ல ஒரு நிலக்கண்ணாடி இருக்கு மாஸ்டர். அது முன்னால போய் நின்னு சொல்லுங்க. கேக்கிறவரு கேட்டுக்குவாரு."

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சொல்வதற்கு ஆள் இல்லை. சொன்னாலும் வராதவனும் இல்லை, ஆணி அடித்தால் மறுநாளே வருபவனும் இல்லை. மேலே ஏறவேண்டியது நான்தான். எனக்கு ஏணி என்றால் தலைசுற்றும். அதை யாரிடம் சொல்வது?

இதற்குத் தர்ஷினி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இப்படி ஒரு கேள்வியை அப்பா கேட்டு அவள் சும்மா விட்ட சரித்திரம் இல்லை. திரும்பிப் பார்த்தேன்.

ஓரமாகத் தள்ளிவைத்திருந்த பிரம்பு நாற்காலியில், கழுவிய பால்மா டின்னை மடியில் வைத்தபடி, ஒரு பக்கமாகச் சரிந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கால்கள் இரண்டும் நாற்காலிமேல் மடங்கியிருந்தன. வெறுங்கால். உள்ளங்காலில் அந்தத் தழும்பு தெரிந்தது.

தகரக்கூரையில் மழை லாரிக்கணக்கில் கல்லைக் கொட்டுவதுபோல் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தின் கீழ், நாங்கள் மூவரும் குரலைத் தாழ்த்திக் குசுகுசுவென்று பேசத் தொடங்கினோம்.

"தூங்குறாளா?" என்றேன்.

"உஷ்," என்றாள் புஷ்பா. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டது கூரை ஒழுகியதால்தான் என்று இன்றுவரை சாதிக்கிறாள்.

கமலாம்மா பிள்ளையைப் பார்த்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். புஷ்பா ஆஸ்பத்திரி வரிசையில் அவரிடம் எதைச் சொல்லியிருந்தாளோ தெரியாது. ஆனால் வியாபாரக் குடும்பத்துப் பெண் அல்லவா? விலையில் இனி ஒரு சதம் குறையாது என்பது அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தக் கொழும்புக்காரர்கிட்ட இல்லேன்னு சொல்லிருங்க," என்றாள் புஷ்பா. என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இன்னொரு மழைக்குக் காத்திருக்கச் சொல்லியிருப்பேன். "ஆனா ஒண்ணு. இந்தச் சட்டி பேசின் எல்லாம் வீட்டோட சேத்துத் தரணும்."

"அந்தப் பித்தளக் குண்டான் எங்க மாமியாரோடது."

"அதுதான் அதிகமாப் புடிக்குதுங்க."

கமலாம்மா யோசித்தார். "சரி. லிப்ட் வச்ச வீட்டுல அத நான் எங்க வைக்கிறது."

மழை விட்டபோது வாசலுக்குப் போனேன். கதவுக்கு வெளியே, தாவாரத் தண்ணீர் நேராக விழுகிற படியில், வெள்ளைக் கான்வஸ் சப்பாத்து இரண்டும் கிடந்தன. சட்டியைக் கையில் வாங்குகிற அவசரத்தில் எங்கே கழற்றினோம் என்றுகூடப் பார்க்காமல் உதறியிருக்கிறாள். இரண்டிலும் விளிம்புவரை தண்ணீர். ஒன்றில் ஒரு இலை மிதந்தது. எடுத்துக் கவிழ்த்தேன்.

பின்னால் பலகை முனகியது. தர்ஷினி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். என் கையிலிருந்த சப்பாத்தைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், மறுபடி சப்பாத்தைப் பார்த்தாள். 

"ஐயோ அப்பா," என்றாள். "நாளைக்கு ஸ்கூலுக்கு எதப் போட்டுக்கிட்டுப் போறது?"